கல் நாட்டப்படாதவர்கள்

(திருவாடானையில் நடைபெற்ற நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகள் ஓர் இலக்கிய வட்டம் தொடர்ந்து நடப்பது எளிய செயலன்று. அதற்கு உழைத்தவர்களைப் பாராட்டும் உரிமை எனக்கு முன்பே பேசியவர்களால் நிறைவாகப் பயன்படுத்தப்பட்டுவிட்டது. ஆகவே எனக்குத் தரப்பட்ட நேரத்தை ஒரு விண்ணப்பத்துக்காகச் செலவிட எண்ணுகிறேன். போர்க்காலங்களில் இறந்துபோன நம் சீமைப் பெண்களை நாம் எப்படி நினைவில் வைத்திருக்கிறோம், எப்படி வைத்திருக்க வேண்டும் என்பதே என் பேச்சின் பொருள்.

திருவாடானை என்றதும் சம்பந்தரின் பதிகம் நினைவுக்கு வரும். ஆதிரத்தினேசுவரரும் சிநேகவல்லியம்மையும் நினைவுக்கு வருவார்கள். விடுதலைப் போராட்டத்தைப் படித்தவர்களுக்கு 1942 ஆகஸ்ட் நினைவுக்கு வரும். அப்போது இவ்வூர்ச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த சின்ன அண்ணாமலையை, சுற்றுவட்டாரத்து மக்கள் பெருந்திரளாக வந்து சிறையை உடைத்து விடுவித்தார்கள். பின்னாளில் தமிழ்ப் பண்ணை என்ற பதிப்பகத்தை நடத்தியவர் அவர். அந்நிகழ்ச்சியை ‘சொன்னால் நம்பமாட்டீர்கள்’ என்னும் தம் நூலில் அவரே எழுதியும் வைத்தார். எழுதி வைத்ததால் அது நிலைத்தது. அதன் பயனாக, உலகப் போர்க் காலத்துத் திருவாடானையைப் பற்றி நமக்குச் சொல்லிக்கொள்ள ஒரு வரலாறு இருக்கிறது.

அதே 1942இன் முற்பகுதியில், இந்த மாவட்டத்திலிருந்து கடல் கடந்து போன குடும்பங்கள் பர்மாவிலிருந்து கால்நடையாக இந்தியாவை நோக்கி வந்துகொண்டிருந்தன. அந்த வழியில் விழுந்த பெண்களைப் பற்றி நம்மிடம் என்ன இருக்கிறது? சிறையை உடைத்த ஆண்டும் அதுதான், காட்டு வழியில் பெண்கள் மடிந்த ஆண்டும் அதுதான். ஒன்றுக்கு நூல் உண்டு. மற்றொன்றுக்குச் சில வீடுகளில் ஒரு பெருமூச்சு மட்டுமே உண்டு. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று சிறிது பார்ப்போம்.

போரில் இறந்தவரை நினைவுகூரும் முறையை இலக்கணத்திலேயே வகுத்து வைத்த மொழி நம்முடையது. தொல்காப்பியப் புறத்திணையியல், வீரனுக்குக் கல் நாட்டுவதைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளாகப் பிரிக்கிறது. தகுந்த கல்லைக் காண்பது முதல், நாட்டிய கல்லுக்குப் படையலிட்டு வாழ்த்துவது வரை ஒவ்வொன்றும் ஒரு துறை. கல்லில் இறந்தவனின் பெயரும் செயலும் பொறிக்கப்பட்டன என்றும், மயிற்பீலி சூட்டப்பட்டது என்றும் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. வழிப்போவோன் ஒருவன் நின்று படித்து, இறந்தவன் யார், எதற்காக இறந்தான் என்று தெரிந்துகொண்டு போவான். நடுகல்லின் உயிர் அந்தப் பெயரில் இருந்தது.

இந்தக் கல் பெரும்பாலும் ஆணுக்குரியது. சங்கப் பாடல்களில் பெண் போருக்கு மகனை அனுப்புகிறாள். சிவகங்கைக்கு அருகிலுள்ள ஒக்கூரே ஊர் என்று கருதப்படும் ஒக்கூர் மாசாத்தியார், தந்தையையும் கணவனையும் போரில் இழந்த பின்னும் ஒரே மகன் கையில் வேலைக் கொடுத்து அனுப்பும் ஒரு தாயைப் பாடினார். அந்த மகன் விழுந்திருந்தால் அவனுக்குக் கல் உண்டு. ஆளற்ற வீட்டில் அதன்பின் அந்தத் தாய் எப்படி இறந்தாள் என்பதற்குத் துறை ஏதும் வகுக்கப்படவில்லை. பின்னாளில் பெண்ணுக்குக் கல் நட்டபோதும், கணவனின் சிதையில் உடன் ஏறியவளுக்கே சதிக்கல் நட்டார்கள். தீப்பாய்ந்த அம்மன் என்று இன்றும் பல ஊர்களில் அவள் வழிபடப்படுகிறாள். அவளுடைய சாவும் கணவனுடைய சாவின் தொடர்ச்சியாகவே மதிக்கப்பட்டது.

இதற்கு ஒரு பெரிய விலக்கு உண்டு. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என்ற அதே துறைப் பெயர்களையே இளங்கோவடிகள் காதைகளுக்குத் தலைப்பாக வைத்தார். ஆண் வீரனுக்குரிய முழுச் சடங்கையும் ஒரு வணிகர் குலப் பெண்ணுக்கு உரியதாக்கினார். கவிஞர்கள் நிறைந்த இந்த அவையில் இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இலக்கணம் தராத இடத்தைக் காப்பியம் தந்தது. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. கண்ணகி கல்லாவதற்கு முன்பு அவள் தெய்வமாக வேண்டியிருந்தது.

நம் சீமையின் வரலாற்றுக்கு வருகிறேன். 1772ஆம் ஆண்டு சூன் மாதம் கும்பினிப் படையும் ஆர்க்காட்டு நவாபின் படையும் சேர்ந்து முதலில் இராமநாதபுரத்தைப் பிடித்தன. பின்பு சிவகங்கைச் சீமைக்குள் நுழைந்தன. சூன் 25 அன்று காளையார்கோயிலில் மன்னர் முத்துவடுகநாதத் தேவர் வீழ்ந்தார். இளைய அரசி கௌரி நாச்சியாரும் அங்கேயே மாண்டார் என்பது சீமையின் மரபு. மூத்த அரசி வேலு நாச்சியார் விருப்பாட்சிக்குச் சென்று தங்கி, ஐதர் அலியின் துணை பெற்று, 1780இல் சிவகங்கையை மீட்டார். இது நாடறிந்த வரலாறு.

அந்தப் போர்க்காலத்தில் மேலும் இரு பெண்களின் சாவை மரபு நமக்குச் சொல்கிறது. வேலு நாச்சியார் சென்ற வழியைக் காட்டிக்கொடுக்க மறுத்து வெட்டுண்டவள் உடையாள். கொல்லங்குடியை அடுத்த அரியாக்குறிச்சியில் அவள் வெட்டுடையாள் காளியாக வழிபடப்படுகிறாள். அநீதிக்கு உள்ளானவர்கள் அங்கே போய்க் காசு வெட்டிப் போட்டு முறையிடும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மற்றொருத்தி குயிலி. உடலில் தீ வைத்துக்கொண்டு பகைவரின் ஆயுதக் கிடங்கில் பாய்ந்தாள் என்று அவளைப் பற்றிச் சொல்கிறார்கள். சிவகங்கையில் 2014இல் திறக்கப்பட்ட வேலு நாச்சியார் நினைவு மண்டபத்தில் அவளுக்கும் நினைவுச் சின்னம் உண்டு.

ஆனால் குயிலியைப் பற்றிய செய்தி கும்பினியாரின் சமகால ஆவணங்களிலிருந்து வந்ததன்று. வாய்மொழியாகவும் பிற்காலத்து எழுத்துகள் வழியாகவும் வந்தது. இதைச் சொன்னால் சிலர் வருந்துகிறார்கள், சிலர் சினம் கொள்கிறார்கள். வருந்த வேண்டியதில்லை. ‘சீர்மிகு சிவகங்கைச் சீமை’ எழுதிய இராமநாதபுரத்து அறிஞர் எஸ்.எம். கமால், ஆவணங்களைத் தேடித்தேடி இச்சீமைகளின் வரலாற்றை எழுதியவர். ஆவணம் சொல்வது இது, மரபு சொல்வது இது என்று பிரித்துக் காட்டுவது இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதையே. கும்பினித் தளபதியின் கடிதத்தில் ஓர் அடிமட்டப் பெண்ணின் பெயர் ஏறியிருக்கும் என்று எதிர்பார்ப்பதே பேதைமை. எழுத்து அவளைப் புறக்கணித்தது. ஊர் வாய் அவளைக் காத்தது. காத்தபோது தன் விருப்பத்தையும் சேர்த்தே காத்தது. மூன்று பெண்களையும் பாருங்கள்: ஒருத்தி மன்னனின் சாவுக்குப் பக்கத்தில் ஒரு வரி, ஒருத்தி காளி, ஒருத்தி தீ. அவர்கள் எந்த வீட்டில் பிறந்தார்கள், யாருக்குத் தாயாகவோ தங்கையாகவோ இருந்தார்கள் என்பதெல்லாம் போய்விட்டன.

170 ஆண்டுகள் கழித்து வந்த போரில் ஊர் வாயும் இவர்களைக் காக்கவில்லை. அதை இப்போது சொல்ல வேண்டும்.

வானம் பார்த்த பூமி நம்முடையது. கண்மாய் பெருகாத ஆண்டில் பிழைப்புக்கு வழி கடலுக்கு அப்பால் இருந்தது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு 1914 முதல் கப்பல் ஓடியது. இலங்கைத் தோட்டங்களுக்கு அது வழி. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும், சென்னையிலிருந்து இரங்கூனுக்கும் கப்பல் ஏறினார்கள். செட்டிநாட்டார் கொண்டுவிற்கப் போனார்கள். அவர்களுக்குக் கணக்கெழுதப் போனவர்கள் உண்டு. துறைமுகத்தில் மூட்டை தூக்கவும் இரப்பர் மரத்தில் பால் வெட்டவும் போனவர்கள் அவர்களைவிடப் பலர். அவர்களுடன் பெண்களும் போனார்கள்.

1941 திசம்பர் 23ஆம் நாள் இரங்கூன்மீது சப்பானியரின் குண்டுகள் விழுந்தன. 1942 மார்ச்சில் நகரம் அவர்கள் கைக்குப் போனது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் சிலர், கிடைக்காதவர்கள் நடந்தார்கள். அரக்கான் மலைகளைத் தாண்டித் தௌங்குப் வழியாகவும், தம்மூவைக் கடந்து மணிப்பூர் வழியாகவும், ஊக்காங் பள்ளத்தாக்கு வழியாகவும் 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் நடந்தனர் என்று கணக்கிடுகிறார்கள். வாந்திபேதி, மலேரியா, பட்டினி, பின்பு மழை. இறந்தவர் தொகையை 10,000 என்பாரும் உண்டு, 50,000க்கும் மேல் என்பாரும் உண்டு. ஓர் எண்ணுக்கும் மற்றோர் எண்ணுக்கும் இடையே 40,000 பேர் இருக்கிறார்கள். இருந்தார்களா இல்லையா என்றே உறுதி செய்ய முடியாத மனிதர்கள் அவர்கள். இரங்கூனில் ‘ஜோதி’ இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா மனைவியுடன் நடந்து வந்து அந்தப் பயணத்தை நூலாக்கினார். தமிழில் அந்த வழியை நமக்குக் காட்டும் அரிய சான்று அது. எழுதத் தெரிந்தவர் பிழைத்து வந்ததால் நமக்கு ஒரு நூல் கிடைத்தது. பிழைத்து வராதவர்களில் எழுதத் தெரியாத பெண்களே மிகுதி.

மலாயாவில் நடந்தது வேறு. சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் இரயில் பாதையைச் சப்பானியப் படை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தது. நேசநாட்டுப் போர்க் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் அதில் வேலை வாங்கப்பட்டு, 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர் அவர்களைவிடப் பல மடங்கு. சாவும் பல மடங்கு. ஆண்களோடு குடும்பமாகப் போன பெண்களும் குழந்தைகளும் அந்த முகாம்களின் வாந்திபேதியில் மடிந்தார்கள். போகாமல் தோட்டத்தில் தங்கிய பெண்கள், கணவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமலே பஞ்சத்தில் வாடினார்கள். காஞ்சனபுரியில் போர்க் கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அடையாளம் தெரிந்த ஒவ்வொருவருக்கும் பெயர் பொறித்த கல் உண்டு. பக்கத்துக் கூடாரத்தில் இறந்த தமிழ்ப் பெண்ணுக்கு அப்படி ஒரு கல் இல்லை.

அதே போரில் துப்பாக்கி ஏந்திய பெண்களும் இருந்தார்கள். நேதாஜி அமைத்த ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் 1943 அக்டோபர் 22 அன்று சிங்கப்பூரில் திறக்கப்பட்டது. தலைமை ஏற்றவர் சென்னையில் வளர்ந்த மருத்துவர் லட்சுமி. படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயாத் தமிழ்க் குடும்பத்துப் பெண்கள். தோட்டப் பெண்கள் பலர். 1945இல் இரங்கூனிலிருந்து பின்வாங்கும் வழியில் இரயில் தாக்கப்பட்டு ஸ்டெல்லா, ஜோசபின் என்ற இருவர் உயிரிழந்தனர். சீருடை அணிந்திருந்ததால் அந்த இரு பெயர்களும் ஏட்டில் ஏறின. சீருடை இல்லாமல் இறந்தவர்கள் எண்ணிக்கையாகவே நின்றுவிட்டார்கள்.

நம் இலக்கியமும் இதில் முழுக் கடமையைச் செய்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரம் ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ என்ற இரண்டு நாவல்களிலும் அந்தப் போர்க் காலத்தை நமக்குத் தந்தார். தமிழுக்கு அது பெரும் பேறு. ஆனால் அவற்றின் நடுவில் நிற்பவர்கள் கடல் கடந்த ஆண்கள். கடல் கடந்த பெண்ணின் நூலை யாரேனும் இனிமேல்தான் எழுத வேண்டும்.

2023ஆம் ஆண்டு மே முதல் நாள், காஞ்சனபுரியில் ஒரு பௌத்தக் கோயில் வளாகத்தில், அந்த இரயில் பாதையில் மாண்ட தமிழர்களுக்காக நடுகல் ஒன்று நிறுவப்பட்டது. நடுகல் என்ற பெயரிலேயே நிறுவினார்கள். சாவு நிகழ்ந்து 80 ஆண்டுகள் கழித்து, தொல்காப்பியத்துச் சொல் ஒன்று சயாம் மண்ணில் ஊன்றப்பட்டது என்பதை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. ஆயினும் அது எல்லார்க்கும் பொதுவான கல். நடுகல்லுக்கு உயிர் பெயர் என்று முன்னே சொன்னேன். பெயர்களைக் காஞ்சனபுரியில் தேட முடியாது. அவை இருந்தால் இங்கே, புறப்பட்ட ஊர்களில், நம் வீடுகளில் இருக்க வேண்டும்.

ஓர் ஊரே தன் இழப்பை நாள் தவறாமல் காத்து வருவதற்கு எடுத்துக்காட்டு நம் கடலிலேயே உண்டு. இராமேசுவரத்துக்கு எதிரே, கடலுக்கு அப்பால் நெடுந்தீவு. 1985 மே 15 அன்று அங்கிருந்து புறப்பட்ட குமுதினி என்ற படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டுப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். பெண்களும் கைக்குழந்தையும் அதில் அடங்குவர். மாவிலித்துறையில் நினைவுத் தூபி இருக்கிறது. ஆண்டுதோறும் அந்நாளில் தீவு மக்கள் அங்கே கூடுகிறார்கள். அவர்கள் யாரையும் தெய்வமாக்கவில்லை. இந்த நாள், இந்தப் படகு, எங்கள் ஊர்க்காரர்கள் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சிறிய ஊரால் அவ்வளவு முடியும்.

நம்மால் என்ன முடியும்? நம் வீடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. வாழ்வை முடிக்காமல் இறந்த பெண்ணுக்குப் புதுச்சேலை வாங்கிப் பெட்டியில் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துப் படைப்பார்கள். நகரத்தார் வீடுகளில் படைப்பு என்பார்கள். மற்ற வீடுகளில் வீட்டுச்சாமி என்றோ கன்னி என்றோ சொல்வார்கள். ஆணுக்குக் கல் என்றால் பெண்ணுக்குச் சேலை. கல் தெருவில் நிற்கிறது, யாரும் படிக்கலாம். சேலை பெட்டிக்குள் இருக்கிறது, வீட்டாருக்கு மட்டுமே தெரியும். இரண்டு தலைமுறை வரை இன்னாருக்கு வைத்த சேலை என்று பெயர் சொல்லிப் படைக்கிறார்கள். மூன்றாம் தலைமுறையில் ‘பாட்டி’ என்கிறார்கள். அதற்குப் பின் ‘சாமி’ என்கிறார்கள். ஒப்பாரியிலும் இதே நிலைதான். அங்கே தாயே, மகளே, தங்கையே என்ற உறவுமுறை வரும். இறந்தவளின் பெயர் பெரும்பாலும் வராது. உறவினர் கூடி அழும் வரை அது போதும். அவர்களும் போன பின் அந்தத் தாய் எந்தத் தாய் என்று சொல்ல ஆள் இல்லை.

என் விண்ணப்பம் இதுதான். பதினொன்றாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டம் ஒரு குறிப்பேட்டைத் தொடங்க வேண்டும். திருவாடானை, தொண்டி, தேவகோட்டை வட்டாரத்து வீடுகளில் பர்மாவிலும் மலாயாவிலும் சயாமிலும் இறந்த பெண்களின் பெயர்களைக் கேட்டு எழுத வேண்டும். பெயர், பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர், கப்பல் ஏறிய ஆண்டு, இறந்ததாகக் கேள்விப்பட்ட இடம், செய்தி கொண்டுவந்தவர் யார், நமக்குச் சொன்னவர் யார் என்று ஏழு பத்திகள் போதும். தெரியாத பத்தியை வெறுமையாக விட்டுவிடுவோம். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகவே எழுதுவோம். 1942இல் பத்து வயதாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறு கடந்துவிட்டது. அடுத்த ஆண்டு விழாவுக்கு ஒத்திவைக்கக்கூடிய வேலையன்று இது.

கவிஞர்களுக்குத் தனியே ஒரு சொல். அந்தப் பெயர்கள் உங்கள் கைக்கு வரும்போது அவற்றை உடனே காளியாக்கிவிடாதீர்கள், கண்ணகியாக்கிவிடாதீர்கள். நமக்கு அந்தப் பழக்கம் மிகுதி. ஒரு பெண்ணின் சாவைத் தாங்க முடியாதபோது அவளைத் தெய்வம் என்று சொல்லி நாம் அமைதி அடைகிறோம். தௌங்குப் மலையில் விழுந்தவள் தெய்வமாக விரும்பியிருக்க மாட்டாள். ஊர் வந்து சேர விரும்பியிருப்பாள். அவளுக்கு எந்தச் சேலை பிடித்தது, எந்தக் கண்மாய்க்கரையில் நின்று விடைபெற்றாள், எந்தப் பிள்ளையை இங்கே பாட்டியிடம் விட்டுப்போனாள் என்று கேட்டறிந்து எழுதுங்கள். கேட்டறிய முடியாததைக் கற்பனை செய்ய நேர்ந்தால், அது கற்பனை என்று தெரியும்படி எழுதுங்கள். குயிலிக்கு நேர்ந்த ஐயம் இவர்களுக்கும் நேர வேண்டாம்.

கல் நட நமக்கு வசதி இல்லாமல் இருக்கலாம். ஏடு தொடங்க வசதி வேண்டியதில்லை. இந்த மலரின் கடைசிப் பக்கங்களில் சிலவற்றை வெறுமையாக விட்டு அச்சிடுமாறு மலர்க்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். இதைப் படிக்கும் உறுப்பினர் ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள மூத்தவரிடம், நம் பெட்டியில் இருக்கும் சேலை யாருடையது என்று இன்றிரவு கேளுங்கள். கிடைக்கும் பெயரை அந்தப் பக்கத்தில் எழுதி, அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.